பாட்டு வந்தால் எழுந்து போகிறவர்

கல்யாணம் முடிந்து முதன்முதலாகக் கள்ளக்குறிச்சிக்குப் படம் பார்க்கப் போன அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதரோடு உட்கார்ந்து ஒரு பாட்டைக்கூடப் பார்க்க முடியாது என்று. திரையில் கதாநாயகியின் தாவணி காற்றில் பறக்க ஆரம்பித்ததும் பக்கத்து நாற்காலி டப்பென்று மடங்கியது. திரும்பினால் ஆள் இல்லை. கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். அவர் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். பாட்டு வந்தால் டீ, பீடி, ஒண்ணுக்கு. பாட்டு முடியப் போவது அவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, கடைசி வரி ஓடும்போது சொல்லிவைத்தாற்போல் வரிசையாகத் திரும்பி வந்து உட்காருவார்கள்.

"இன்னாங்க, பாட்ட வுட்டுட்டு எங்க போனீங்க?"

"பாட்டுல இன்னா கதையா நடக்குது? பேச வேண்டியதப் பேசிட்டுப் போவாம ஆடிக்கினு பாடிக்கினு கெடக்கறாங்க. கதை வந்தாத்தான் நமக்கு வேலை."

புதுப்பெண் என்பதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் மூடவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். அவருக்குக் கம்மி. கரும்புக்குத் தண்ணீர் கட்டினேன், டிராக்டருக்கு டீசல் போட்டேன், சோறு போடு, படுக்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு. நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் "ம்" என்பார். கோபம் வந்தால் அந்த "ம்" கூட வராது. பொங்கலுக்கு ஒரு படம், தீபாவளிக்கு ஒரு படம் என்று எத்தனையோ படம் பார்த்தோம். எல்லாப் பாட்டையும் நான் தனியாகத்தான் பார்த்தேன். காதல் பாட்டுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதுபோல எரிச்சல் வேறெதிலும் கிடையாது. நாசமாய்ப் போன டீ என்று அந்தக் கடைக்காரனைக்கூடத் திட்டியிருக்கிறேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று விவரம் தெரிகிற வயதிலேயே காதில் ஓதிவிடுவார்கள். இப்போது படித்த பெண்கள் வாடா போடா என்கிறார்கள், அது அவர்கள் பாடு. என் வயதுக்காரிகள் ரேஷன் கடையில் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்போம். அவள் எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்வாள், அவள் வீட்டுக்காரர் பேரை நாங்கள் சொல்வோம். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் என் மகள் சொல்வாள். அவர் பேர் ஒரு சாமியின் பேர். அதனால் அந்தச் சாமியைக்கூட "மலைமேல இருக்கறவரு" என்றுதான் சொல்வேன். கூப்பிடாத சாமி நம்மைக் கோபித்துக்கொள்ளாதா என்று சில நேரம் தோன்றும்.

ஆம்பளைக்கு அப்படி ஒரு கட்டு கிடையாது. ஆனாலும் அவர் என் பேரைச் சொன்னதே இல்லை. "ஏமே", "இந்தாமே", யாராவது இருந்தால் "பாப்பாவோட அம்மா". மூன்று எழுத்துப் பேர் எனக்கு. அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன கஷ்டம் என்று பல தடவை சண்டைக்கு இழுத்திருக்கிறேன். "உங்கூட்ல வெச்ச பேரு. இப்ப எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார்.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு உண்டு. கரும்பு வேலை இல்லாத நாளில் அவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். மலைக்காரர்கள் பிடுங்கி வைத்திருக்கும் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிவந்து கீழே சவ்வரிசி ஆலையில் இறக்குவது அவருக்கு வாடகை வேலை. ஒரு நாள் காலையில் போனவர் இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"இன்னாங்க, வண்டி பஞ்சரா?"

"மலைமேல கரியாலூர்ல சினிமா எடுக்கறானுங்க. ரோட்ட மறிச்சு வுட்டானுங்க. ஒரு பாட்டப் போட்டுப் போட்டு ஆடறாங்க. முழுப் பாட்டுகூட இல்ல, அதே ரெண்டு வரி. மைக்ல போடறான், அவங்க வாயசைக்கறாங்க, ஒருத்தன் சரியில்லங்கறான், திரும்பப் போடறான். காலையில இருந்து ரெண்டே வரி! உசுர வாங்கிட்டானுங்க."

அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. மகளும் நானும் சிரித்துவிட்டோம். பாட்டு வந்தால் எழுந்து போகிறவரை எழுந்து போகவிடாமல், ஒரு பகல் முழுக்கப் பாட்டுக்கு முன்னால் கட்டிப்போட்டுவிட்டார்களே! "நல்லா வேணும்" என்று சொன்னேன். கடைசியில் அவர்களே இவர் டிராக்டரைப் பார்த்து, ஆடுகிறவர்களுக்குப் பின்னால் வளைவில் மெதுவாகப் போகச் சொன்னார்களாம். கிழங்கு லோடோடு போயிருக்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. வெட்கப்பட்டார்.

படம் வந்தபோது எங்கள் ஊரில் பெரிய பேச்சு அதுதான். கள்ளக்குறிச்சியில் படிக்கிற என் மகள் தோழிகளோடு முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டாள். மறுபடியும் போனாள். "அப்படி இன்னாடி இருக்குது அதுல?" என்றால், "பாத்தாத்தாம்மா தெரியும். சொன்னா சப்புன்னு ஆயிடும்" என்றாள். டிராக்டர் வருகிறதா என்று அவர் அவளிடம் நேராகக் கேட்கவில்லை. "மலையெல்லாம் காட்றானா?" என்று சுற்றிவளைத்துக் கேட்டார். "நீயே போய்ப் பாருப்பா" என்றுவிட்டாள் கள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவரே கிளம்பினார். "இந்தாமே, பொடவ மாத்து." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது சாதாரணப் படம் இல்லை. நம் படம் எல்லாவற்றிலும் பாட்டு உண்டு, கதை நடந்துகொண்டே இருக்கும், நடுவில் பாட்டு வரும். இதில் அந்தப் பையனும் பெண்ணும் மற்றவர்களிடம் நம்மைப்போலத்தான் பேசுவார்கள். அவர்கள் இருவருக்குள் மட்டும் எல்லாமே பாட்டு. சாப்பிட்டியா என்று கேட்பது பாட்டு. ஏன் லேட்டு என்று சண்டை போடுவது பாட்டு. முதலில் தியேட்டரே சிரித்தது. "சோறு போடறதுக்கும் பாட்டாடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எங்கள் ஆம்பளைகள் பழக்கப்படி முதல் பாட்டுக்கு எழுந்து போனார்கள். திரும்பி வந்து உட்காருவதற்குள் அடுத்த பாட்டு. மறுபடி எழுந்தார்கள். பாட்டிலேயே கதை நடக்கிற படத்தில் பாட்டுக்கெல்லாம் வெளியே போனால் என்ன மிஞ்சும்? இடைவேளையில் என் வீட்டுக்காரர் போண்டாவை நீட்டியபடி, "கதையே இல்லியேமே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"கதையெல்லாம் நீங்க டீக்கடையில நிக்கசொல்ல ஓடிப்போச்சு. இனிமே எழுந்தீங்கன்னா நான் பஸ் ஏறிடுவேன், பாத்துக்கங்க!"

தலையை ஆட்டினார். ஆனால் பழக்கம் யாரை விட்டது? இடைவேளைக்குப் பிறகு வந்த முதல் பாட்டுக்கே கால் தானாக எழுந்துவிட்டது. அன்றைக்கு ஆம்பளைகள் மொத்தமும் வெளியே நின்றதால் டீக்கடையில் ஒரே நெரிசல், டீ வர நேரமாகிவிட்டது. இங்கே உள்ளே, அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் பெரிய சண்டை. சண்டை முற்றி, இருவரும் பாடுவதை நிறுத்திவிட்டு நம்மைப்போல வெறும் பேச்சாகப் பேச ஆரம்பித்தார்கள். "சரி, நான் கெளம்பறேன்" என்றாள் அவள். அவ்வளவுதான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் மூச்சுவிடவில்லை. இனி இவர்கள் பாடவே மாட்டார்களோ என்று பயந்துபோனேன். அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று மகளிடம் கேட்டேனே, அதற்குப் பதில் இதுதான். பாட்டு போய்ப் பேச்சு மட்டும் மிஞ்சிய ஒரு வீட்டை அது காட்டியது. என் வீட்டில் இருப்பதே அந்தப் பேச்சு மட்டும்தான், அதிலும் பாதிக்கு மேல் நான் பேசுவது.

அப்புறம்தான் கரியாலூர் பாட்டு. பெண் மலைமேல் தன் ஊருக்குப் போய்விடுகிறாள். பையன் தேடிப் போகிறான். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பேரைச் சொல்லி, "எறங்கி வா, வெயில் சாயறதுக்குள்ள எறங்கி வா" என்று பாடுகிறான். அந்தப் பக்கத்திலிருந்து அவள் அவன் பேரைச் சொல்லி அதே வரியைத் திருப்பிப் பாடுகிறாள். அவர்களுக்குப் பின்னால் வளைவில் நீல டிராக்டர் ஒன்று கிழங்கு மூட்டைகளோடு மெல்லப் போனது. ஓட்டுகிறவர் தோளில் பச்சைத் துண்டு. நான் வாங்கிக் கொடுத்த துண்டு! பக்கத்து நாற்காலியைத் தட்டினேன். மடங்கிக் கிடந்தது. கதவுத் திரை விலகி அவர் ஓடி வந்தபோது டிராக்டர் போய்விட்டிருந்தது. வெளியே பாட்டுச் சத்தம் கேட்டு டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. துண்டுகூடத் தெரிஞ்சுது."

உட்கார்ந்தார். படம் முடியும்வரை அசையவில்லை. ஏறியிருந்த கோபம் எல்லாம் எனக்கு இறங்கிப்போனது. "அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப வரலாங்க" என்றேன். "ம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்குள் ஒரு காலையில் மோட்டார் போடப் போனவர் வரப்பில் சாய்ந்துவிட்டார். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் என்றார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் பலம் இழந்தன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிந்தது, கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். தண்ணீர் என்று சொல்ல முயன்று, வராமல், ஆத்திரத்தில் இடது கையால் சொம்பைத் தட்டிவிடுவார். பேசாத மனிதர் என்று வாழ்நாளெல்லாம் திட்டினேன். பேசாமல் இருப்பதும் பேச முடியாமல் இருப்பதும் ஒன்றா? அந்த "ம்" ஒன்று கேட்டால் போதும் என்று கிடந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். சின்னப் பெண், மெதுவாகப் பேசுவாள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அம்மா, மூளையில பேச்சு ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம்னு வெச்சுக்குங்க. இவருக்குப் பேச்சுப் பக்கம் அடிபட்டிருக்கு. இந்த மாதிரி சிலருக்குப் பேச வராது, ஆனா பாட வரும். பாட்டைப் புடிச்சுக்கிட்டு வார்த்தைய மெல்லக் கொண்டுவரலாம். ரொம்ப நாள் தள்ளக் கூடாது. இவருக்குப் புடிச்ச பாட்டு என்ன?"

நான் சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியவில்லை. எத்தனை பாட்டுக்கு எழுந்து போன மனுஷன்! வேறு யாரைக் கேட்டாலும் பத்துப் பாட்டுச் சொல்வார்கள். இவருக்கு ஒரு பாட்டாவது தெரியுமா? பஸ் ஏறி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த டீக்கடையை நினைத்து வயிறு எரிந்தது.

மகள்தான் போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தாள். முதலில் அவருக்கு டிராக்டரைக் காட்டத்தான் எடுத்தாள். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நீல டிராக்டர் வளைவில் வந்தது. அவர் இடது கை மெல்ல எழுந்து போன் கண்ணாடியைத் தொட்டது. கண் கலங்கியது. "இன்னொருவாட்டி போடுடி" என்றேன். இரண்டாம் தடவை அவர் டிராக்டரைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. மூன்றாம் தடவை, சாமி, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது, பாட்டோடு சேர்ந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"எறங்கி வா... வெயில் சாயறதுக்குள்ள எறங்கி வா..."

ஒரு பகல் முழுக்க ரோட்டில் மறித்து அவர் காதில் ஏற்றிய அந்த இரண்டு வரி! உசுரை வாங்கிவிட்டார்கள் என்றாரே, அந்த வரி. அந்த சினிமாக்காரர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் பாடிக் காட்டினார். அவளுக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் வரியின் தலையில் பேர் வருகிற இடத்தில் மட்டும் அவர் நின்றுவிடுவதை அவள் கவனித்தாள். படத்தில் பையன் அவள் பேரைச் சொல்லித்தானே ஆரம்பிப்பான்? இவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, "எறங்கி வா" வந்ததும் சேர்ந்துகொள்வார்.

"அங்க உங்க பேரை வெச்சு அவரைப் பாடச் சொல்லுங்க. நீங்க பொண்ணு பாடுறதை அவர் பேரை வெச்சுப் பாடுங்க. முதல்ல நீங்க கூப்பிடணும், அப்பதான் அவருக்குத் திருப்பிக் கூப்பிட வரும்."

பாடினேன். பேர் வருகிற இடத்தில் நானும் நின்றேன். "உம், சொல்லுங்க" என்றாள். மறுபடி பாடினேன், மறுபடி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ஊரில் எவளையும் விட்டுவைக்காமல் வைகிற வாய் இது. ஒரு பேருக்கு முன்னால் பூட்டிக்கொண்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க அம்மாவும் சொல்ல மாட்டாங்க. தெரியும். ஆனா ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னுட்டா, அவரு அதோட நின்னுடுவாரும்மா" என்றாள்.

அன்று இரவு அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என்றால் அவருடைய அக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கிறவர். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார் ஒரே வார்த்தையாக. "பேச்சு இல்லன்னாலும் ஆளு இருக்கறான் இல்ல? அது போதும். பேரச் சொல்லி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நீதான் பதில் சொல்லணும்." எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. சொன்னால் அவர் ஆயுசு. சொல்லாவிட்டால் அவர் பேச்சு. எதைக் கொடுத்து எதை வாங்குவது? மகளுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். "நான் தெனம் ஆஸ்பத்திரி சீட்டுல அப்பா பேர எழுதறேன், அதுல இன்னா ஆயிடுச்சு?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பேரை எழுதுவது வேறு. நான் சொல்வது வேறு.

கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தச் சத்தத்தில் நான் சொல்வது எனக்கே கேட்காது. அங்கே நின்று அவர் பேரைச் சொல்லிப் பார்த்தேன். வெறும் பேச்சாக வரவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டாகப் பாடினேன். வந்தது! பாட்டில் வைத்துச் சொன்னால் அது சொன்ன கணக்கில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன். மலைமேல் இருக்கிறவரே, இது உன்னைக் கூப்பிட்டதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடினேன். பாசனம் முடிந்து தண்ணீர் வரப்பு தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குப் போய், அந்தக் காட்டுக்காரர் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் காலேஜுக்குப் போயிருந்தாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தேன். பேர் வருகிற இடம் வந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் கால் என் கையில் விறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தை எப்படி எழுதுவது? திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை, தன் பேரை மைக்கில் கேட்டதும் நிற்குமே, அப்படி இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குப் போனது. துடைக்கப் போனேன். என் கையைத் தள்ளினார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு பாடினார். வரியின் தலையிலிருந்து பாடினார். மூன்று எழுத்தும் வந்தது, நடுவெழுத்து கொஞ்சம் குழறியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது நான் அந்த வீட்டுக்குள் வந்து. என் பேரை அவர் குரலில் அன்றைக்குத்தான் கேட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் எங்கள் வீடு அந்தப் படமாகிவிட்டது. அவருக்குத் தனியாகப் பேச்சு அதிகம் வரவில்லை. தண்ணீர், சோறு, வலி, பாப்பா, இந்த மாதிரி சில வார்த்தைகள்தான், அதுவும் இழுத்து ராகமாகச் சொன்னால்தான் வரும். மற்றதுக்கெல்லாம் அந்த வரிதான். பசித்தால் என் பேரும் எறங்கி வாவும். டிவியை மாற்ற வேண்டுமா, அதே வரி. மின்சாரம் போனாலும் அதே வரி. நான் கரும்புக் காட்டில் நின்றால் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கூப்பிடுவார். கரும்பு வெட்டுகிற ஆட்கள் சிரிப்பார்கள். "அக்கா, மாமா பாடறாரு, ஓடு ஓடு!" என்பார்கள். நானும் இங்கிருந்தே அவர் பேரை வைத்துத் திருப்பிப் பாடுவேன். தெருவே கேட்கும். கேட்கட்டுமே! சோறு போடுவதற்கும் பாட்டா என்று தியேட்டரில் கத்தினானே அந்தப் பையன், அவனைக் கூப்பிட்டு என் வாசலில் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றும். ஆமாண்டா, சோறு போடுவதற்கும் பாட்டுத்தான். பேச்சு இருக்கிற வரைக்கும் பாட்டு எதற்கென்று தெரியாது. அந்தப் படத்துக்குப் பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போனார்களே, அவர்களுக்கு எப்படியோ முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

அந்த வருஷம் கரும்பு வெட்டு முடிகிற நேரத்தில் அவருக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை பாண்டிச்சேரிவரை போகவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலேயே, மகள் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். கடைசியாக ஏதும் சொல்லவில்லை, பாடவும் இல்லை. நான்தான் காதருகே குனிந்து அவர் பேரைப் பாடிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

வாசலில் கிடத்தியிருந்தபோது அண்ணி மாரில் அடித்துக்கொண்டு எல்லார் எதிரிலும் சொன்னார். "தெருத்தெருவாப் பேரச் சொல்லிப் பாடிக்கினு இருந்தாளே! அப்பவே சொன்னேனே! என் தம்பி ஆயுசக் கொறச்சிட்டாளே!"

எனக்குக் கோபம் வரவேண்டும். எனக்கு வராத கோபமா? ஆனால் வந்தது வேறு. ஒருவேளை அண்ணி சொல்வது நிஜமோ என்ற பயம்தான் வந்தது. டாக்டர் சொன்னார், இரண்டாவது தடவை வருவது பலருக்கும் நடக்கிறதுதான் என்று. அது அறிவுக்குத் தெரிகிறது. மோட்டார் கொட்டகையில் நின்று தயங்கினேனே, அந்த மனசுக்குத் தெரியவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். பேரைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷமும் சொம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, கூப்பிட வாயில்லாமல், கூப்பிடுகிறவளும் இல்லாமல். அவரிடம் கேட்டிருந்தால் எது வேண்டும் என்றிருப்பார்? என் பேரைச் சொன்ன அன்றைக்கு அவர் முகம் இருந்ததே, அதுதான் பதில்.

"ஆமா அண்ணி, கூப்ட்டேன்" என்றேன். "அவரும் கூப்ட்டாரு."

காரியமெல்லாம் முடிந்து இறப்புச் சான்றிதழ் வாங்க மகளோடு ஆபீசுக்குப் போனேன். சின்ன அறை. சுவரோரம் பெஞ்சில் ஆம்பளைகள் பத்துப்பேர் காத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிராமலே, "இறந்தவர் பேரு?" என்றார்.

மகள் பழக்கப்படி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"நான் சொல்றேன்."

சொன்னேன். ராகத்தோடுதான் வந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்து நீண்டு போனது. அந்த மனிதர் பேனாவோடு நிமிர்ந்தார்.

"பாட்டாவா சொல்றீங்க? சும்மா சொல்லுங்கம்மா."

முயன்று பார்த்தேன். சத்தியமாக முயன்றேன். வெறும் பேச்சாக அந்தப் பேர் என் வாயில் வரவில்லை. மறுபடி பாடினேன். இந்தத் தடவை "எறங்கி வா" வரைக்கும் போய்விட்டது, நிறுத்த முடியவில்லை. அவர் குனிந்து எழுதிக்கொண்டார். பெஞ்சில் இருந்த ஆம்பளைகளில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.